தலை மேலே, உடம்பு கீழே

கடந்த மார்ச் மாதம் பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, கொக்கி என்று அழைக்கப்படும் கோபுரக்காரர், தம் அண்ணன் வீட்டுப் பின்புறத்தில் நிற்கும் வானொலிக் கோபுரத்தில் ஏறுவதற்கு முன், வழக்கம்போல் அண்ணியின் அறைக்குள் நுழைந்து, அவர் தொலைதூர ஊர்க்காரர்களோடு பேசும் ஹாம் ரேடியோவின் முதுகிலிருந்து பவர் கார்டைப் பிடுங்கிச் சுருட்டித் தம் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டார். இதில் குற்றமில்லை. ஏறினார், அதிலும் குற்றமில்லை. சற்று நேரத்தில் இறங்கி வந்து, "வந்துடறேன் அண்ணி" என்று வாசலிலிருந்தே ஒரு குரல் கொடுத்துவிட்டு, கார்டோடு வண்டியேறிப் போனார். செவ்வாய்க்கிழமை மாலை வரை ஆளைக் காணவில்லை. அண்ணியின் குற்றச்சாட்டு இதுதான்.

கார்டைப் பிடுங்கும் பழக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. மேலே ஒருவர் ஆன்டெனாவில் கை வைத்திருக்கும்போது கீழே ஒருவர் ரேடியோவில் பேசினால், மேலே இருப்பவரின் கை வெந்துபோகும். முன்னொரு காலத்தில், ஒரு வாடிக்கையாளர் பேசவே மாட்டேன் என்று சத்தியம் செய்தார். ஆனால் நெடுநாள் காணாத நண்பரின் குரல் காதில் விழுந்ததும் சத்தியம் காற்றில் போயிற்று. கை தானாகப் பொத்தானை அழுத்திவிட்டது. கொக்கியின் வலது உள்ளங்கையில் நகத்தளவு வெள்ளைத் தழும்பு அன்று விழுந்தது. "வாக்கை நம்பி ஏறினேன், கை வெந்துச்சு. இப்ப கார்டை நம்பி ஏறறேன்" என்பார். வைத்தியராக இருந்தாலும் வக்கீலாக இருந்தாலும் கார்டு அவர் பைக்குள் போன பிறகுதான் கால் முதல் படியில் ஏறும்.

இரண்டாவது பழக்கம் ஹெல்மெட். மழையோ பசியோ நடுவில் இறக்கிவிட்டால், தம் மஞ்சள் ஹெல்மெட்டைக் கோபுரத்தின் உச்சியில் மாட்டிவிட்டு வெறுந்தலையோடு இறங்குவார். அது மேலே தொங்கும்வரை வேலை முடியவில்லை, யாரும் ரேடியோவைத் தொடக் கூடாது என்று அர்த்தம். ஒருமுறை ஒரு வீட்டுக்காரர், "அதான் நீங்களே சாப்பாட்டு மேசையில உக்காந்திருக்கீங்களே, இப்ப பேசினா என்ன?" என்று கேட்டார். கொக்கி கையிலிருந்ததை வாயில் போட்டு நிதானமாக மென்று முடித்தார். "தலை மேலதான் இருக்கு. உடம்பு மட்டும் சாப்பிட வந்திருக்கு" என்றார்.

குள்ளமான, அகன்ற மனிதர். காதில் எப்போதும் ஒரு மொட்டைப் பென்சில். இடுப்பு வாரில் தொங்கும் இரட்டைக் கொக்கிகள்தாம் அவருக்குப் பெயரைத் தந்தவை; அவை ஒன்றோடொன்று மோதும் ஒலி தெருமுனையில் கேட்டாலே, நாய்கூடக் குரைக்காமல் வாலாட்டும். தரையில் அவர் நடப்பதைப் பார்ப்பவர்கள் இவரா உயரத்தில் ஏறுகிறார் என்று பயப்படுவார்கள். நிலைப்படி தடுக்கும், மிதியடி வழுக்கும், முக்காலியில் முழங்கால் இடிக்கும். கோபுரத்தில் கால் வைத்த மறுகணம் பல்லிக்குச் சுவர் கிடைத்தது போலாகிவிடுவார். "தரையில எங்க பிடிச்சுக்கறதுன்னே தெரியல அண்ணி" என்பது அவருடைய நியாயம்.

ஏறுவதற்கு முன் கோபுரத்தைச் சுற்றி வந்து, அதைத் தாங்கி நிற்கும் ஸ்டே கம்பிகள் ஒவ்வொன்றையும் ஸ்பேனரால் தட்டி, காதைக் கிட்டே வைத்துக் கேட்பார். "கம்பி பாடணும். முனகுச்சுன்னா தளர்ந்திருக்கு, கீச்சுன்னா ரொம்ப இறுகியிருக்கு." காற்றின் வேகத்தை அறிய அவருக்குக் கருவி எதுவும் வேண்டாம்; அடுத்த வீட்டு மாடியில் காயும் துணி போதும். போர்வை ஆடினால் ஏற மாட்டார். "போர்வையே ஆடுது, நான் என்ன பெரிய போர்வையா?"

இத்தனை கோபுரங்களை நிறுத்தியவர் ஒருநாளும் ரேடியோவில் பேசியதில்லை. பேசச் சொன்னால் கூச்சப்பட்டு வெளியே போய்விடுவார். "பக்கத்து வீட்டுக்காரரைப் பாத்தா தலையைத் திருப்பிக்கறாங்க, பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கறவர்கிட்ட சாப்பிட்டாச்சான்னு விசாரிக்கறாங்க" என்று வாடிக்கையாளர்களைப் பற்றித் தம் மனைவியிடம் சொல்லிச் சிரிப்பார். ஆனால் அந்தப் பேச்சு போய்ச் சேர வேண்டும் என்பதில் மட்டும் அவருக்கு ஏனோ அப்படியொரு பிடிவாதம்.

அண்ணியின் பிடிவாதம் வேறு ரகம். நீதிமன்ற ஆவண அறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ரேடியோவை அட்டை கிழிந்த ஒரு பழைய புத்தகத்திலிருந்து தாமே கற்றுக்கொண்டு, தேர்வெழுதி உரிமம் வாங்கியவர். வீட்டில் எந்தப் பொருளுக்கும் ரசீது உண்டு, ஒவ்வொரு ரசீதுக்கும் நகல் உண்டு. அறைச் சுவரில் ஓர் உலகப் படம். பேசி முடித்த நாடுகளிலும் தீவுகளிலும் சிவப்புக் குண்டூசிகள். கடைசியாக மிஞ்சியது ஒரே ஒரு தீவு. அங்கே மனிதர் குடியிருப்பு கிடையாது. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை நாலைந்து ஆர்வலர்கள் படகில் போய், கூடாரமடித்து, சில நாட்கள் ரேடியோவில் பேசிவிட்டுத் திரும்புவார்கள். சென்ற முறை அவர்கள் போனபோது அண்ணி மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார். அதற்கு முந்தைய முறை கோபுரமே இல்லை. இந்த முறை, அந்த மார்ச் வாரத்தில், குண்டூசி ஒரு தீப்பெட்டிக்குள் தயாராகக் காத்திருந்தது. செவ்வாய் நண்பகலில் படகு கிளம்பிவிடும் என்று அறிவித்திருந்தார்கள்.

சனிக்கிழமைக் காற்றில் ஆன்டெனா தன்போக்கில் திரும்பிக்கொண்டது. மேசைமேல் உள்ள திசைகாட்டிக் கருவியின் முள் ஒரு திசையைக் காட்ட, மேலே ஆன்டெனா வேறொரு திசையைப் பார்த்தபடி நின்றது. அதைத் தீவின் பக்கம் திருப்பாவிட்டால் பேச்சு போய்ச் சேராது. அதனால்தான் ஞாயிறு காலை கொக்கி அழைக்கப்பட்டார்.

அவர் போய் ஒரு மணி நேரத்துக்கெல்லாம் கோபுரத்தடியில் கிடந்த கருவிப்பெட்டி கூவியது. உயரத்தில் தொல்லை தரும் என்று கொக்கி தம் செல்பேசியை அதற்குள்தான் போட்டுவைப்பார். அண்ணி தேடியெடுத்துக் காதில் வைத்தார். கொக்கியின் மனைவி.

"யாருங்க, அக்காவா? அவரு போனை உங்ககிட்ட விட்டுட்டா போனாரு? அப்ப சரி. இப்பதான் வாசல்ல தலையைக் காட்டினாரு. மேல ஆன்டெனாவைப் பிடிச்சிருக்கற யூ போல்ட்டுல விரிசலாம். கடையில இருக்கறது எதுவும் சரிவராதாம், லேத் பட்டறைக்குப் போய்ச் செய்யச் சொல்லி வாங்கிட்டுத்தான் வருவாராம்."

"எந்தப் பட்டறை?"

"அதைச் சொல்றவரா இருந்தா எனக்கு ஏன்க்கா இந்தப் பொழப்பு?"

அண்ணனுக்கு இந்த வழக்கில் அக்கறை இல்லை. செய்தித்தாளைத் தாழ்த்தாமலே, "ஒரு கார்டுக்கு இவ்வளவா? கடையில போய் ஒண்ணு வாங்கிக்க" என்றார்.

அண்ணிக்குக் கடைக்குப் போகத் தேவையே இல்லை. மேசையின் இரண்டாம் இழுப்பறையில், உறை பிரிக்காமல், 'ரேடியோ — மாற்று பவர் கார்டு' என்று சீட்டு ஒட்டப்பட்டு ஒன்று இருந்தது. அதைத் திறந்து பார்த்தார். பிறகு சமையலறை ஜன்னல் வழியாக மேலே பார்த்தார். கோபுரத்தின் உச்சியில் மஞ்சள் ஹெல்மெட் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. இழுப்பறையை மூடினார்.

திங்கள் காலை, வேறோர் ஊரிலிருந்து அவருடைய ரேடியோ நண்பரான மருந்துக்கடைக்காரர் செல்பேசியில் கூப்பிட்டார். "என்னம்மா, தீவு கணீர்னு கேக்குது! பக்கத்து அறையில நின்னு பேசற மாதிரி இருக்கு. எங்க போனீங்க?"

"இங்கதான் இருக்கேன். தலை மேல இருக்கு."

"என்னது?"

"ஒண்ணுமில்லை. நீங்க பேசுங்க, நேரம் போகுது."

அன்று பகல் முழுவதும் இழுப்பறை பலமுறை திறந்து மூடியது. அண்ணன்கூடச் செய்தித்தாளைத் தாழ்த்தினார். "அவன் எங்கேயோ பட்டறையில உக்காந்திருக்கான். அவன் ஹெல்மெட்டுக்கா ஷாக் அடிக்கப்போகுது?" அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் கணவரின் தம்பி தலையை மேலே வைத்துவிட்டுப் போயிருக்கும் வீட்டில், அது தலையா தொப்பியா என்று வாதாட அண்ணிக்கு மனம் வரவில்லை. செவ்வாய் நண்பகலில் படகு கிளம்பியது. தீப்பெட்டி மூடியபடியே கிடந்தது.

மாலையில் கொக்கிகள் மோதும் ஒலி தெருமுனையில் கேட்டது. நிலைப்படியில் இடித்துக்கொண்டு உள்ளே வந்தார். இரண்டு நாள் தாடி, கண்ணில் தூக்கமில்லை, கையில் கிரீஸ் தாளில் சுற்றிய புது யூ போல்ட்.

"பட்டறையில லேத்து ரிப்பேர் அண்ணி. அதை அவங்க சரிபண்ணற வரைக்கும் அங்கேயே உக்காந்துட்டேன். வேற ஒண்ணு குடுத்தாங்க, கிட்டத்தட்டப் பொருந்தும்னாங்க. கிட்டத்தட்ட நிக்கிற கோபுரம் எங்கேயாவது உண்டா?" விரிசல் விட்ட பழைய போல்ட்டை இன்னொரு தாளிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். "உங்களுக்குச் சாட்சி வேணுமே, அதான் கொண்டுவந்தேன்."

"அன்னிக்கே சொல்லிட்டுப் போனா என்ன?"

"சொல்லியிருந்தா, விரிசலைப் போட்டோ எடுக்கணும்னு நீங்களே ஏறியிருப்பீங்க. போன தடவை துருவுக்கு ஏறினீங்களே!" அதற்குள் அவர் பார்வை சுவரிலிருந்த படத்துக்குப் போய்விட்டது. கடலின் நடுவே அந்த ஒரு புள்ளி மட்டும் குண்டூசி இல்லாமல் வெறுமையாக இருந்தது. "என்ன அண்ணி, தீவு கிடைக்கலையா? நான் ஆன்டெனாவைத் தீவுப் பக்கமே திருப்பி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டிட்டுத்தானே போனேன்! நீங்க பேசிக்குவீங்கன்னுதான்..."

"எதை வெச்சுப் பேசறது?"

கொக்கி கால்சட்டைப் பையில் கை விட்டார். வெளியே வந்தது சுருட்டிய கார்டு. பட்டறை வரை போய், இரண்டு நாள் அங்கே உட்கார்ந்து, திரும்பியும் வந்திருக்கிறது.

"மறந்தே போச்சு..." என்றார் மெதுவாக. உடனே தலை நிமிர்த்தினார். "ஆனா உங்ககிட்ட டூப்ளிகேட் இருக்குமே அண்ணி! இந்த வீட்டுல டூப்ளிகேட் இல்லாதது அண்ணன் ஒருத்தர்தானே!"

"இருந்துச்சு. இழுப்பறையில."

"அப்புறம் என்ன?"

அண்ணி ஜன்னலைக் காட்டினார். கொக்கி குனிந்து பார்த்தார். மாலை வெளிச்சத்தில் ஹெல்மெட் உச்சியிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

கொக்கி புது போல்ட்டை எடுத்துக்கொண்டு பின்புறம் போனார். கம்பிகளைத் தட்டினார். அடுத்த வீட்டு மாடியில் போர்வை அசையவில்லை. கார்டைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு, கோபுரத்தின் காலைப் பிடித்தார்.

"தம்பி, நில்லு" என்று அண்ணியின் குரல் கேட்டது. உறை பிரிக்காத மாற்றுக் கார்டை அவர் நீட்டிக்கொண்டு நின்றார். "இதையும் வெச்சுக்கோ."

"இது எதுக்கு அண்ணி?"

"நீ மேல போனதுக்கு அப்புறம், வீட்டுல இன்னொண்ணு இருக்குன்னு எனக்கு நினைப்பே வரக் கூடாது."

கொக்கி வாங்கிக்கொண்டார். இடப்பக்கப் பையில் பழையது, வலப்பக்கப் பையில் சீட்டு ஒட்டிய புதியது. இரண்டின் பிளக்குகளும் வெளியே தொங்க, மூன்று படி ஏறினார்.

"இன்னொண்ணு. தலை மேல, உடம்பு கீழன்னா, ஆள் எங்க இருக்கறதாக் கணக்கு? நீ போட்ட சட்டம்தான், நீயே தெளிவு பண்ணணும். வாயால சொல்லிட்டுப் போற வேலையெல்லாம் வேண்டாம்."

கொக்கி ஒரு கையால் கம்பியைப் பற்றியபடி கீழே திரும்பினார். காதிலிருந்த மொட்டைப் பென்சிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு, வீட்டுச் சாவி பத்திரமா என்று பார்ப்பவரைப்போல, மற்றக் கையால் முதலில் ஒரு பையையும் அப்புறம் மற்றப் பையையும் தட்டிப் பார்த்துவிட்டு, மேலே ஏறத் தொடங்கினார்.

"எழுத்துல வேணும், தம்பி!" என்றார் அண்ணி, அண்ணாந்து பார்த்தபடி. "இறங்கினதும் எழுதிக் குடு."