இரண்டாவது கதவு

இப்போது என் வேலை பொழுதுபோக்குப் பூங்காக்களுக்குக் குகையும் கோட்டையும் வரைந்து கொடுப்பது. ஒவ்வொரு மீட்டிங்கிலும் யாராவது கேட்டுவிடுவார்கள்: "வர்றவங்க அப்படியே அந்த உலகத்துக்குள்ள மூழ்கிடணும் மேடம், அதுக்கு என்ன செய்யலாம்?" பக்கத்தில் இருப்பவர் உடனே புகை மெஷின் என்பார். எனக்கோ பாலக்கரையில் எங்கள் வீட்டை ஒட்டிய சந்துதான் நினைவுக்கு வரும்.

எங்கள் மாதா கோயில் பங்கில் கிறிஸ்துமஸ் தோறும், பாலன் பிறந்த தொழுவத்தைச் செய்துவைக்கும் குடில் போட்டி உண்டு. மூன்று வருடமாகப் பரிசு அடுத்த தெருவுக்கே போய்க்கொண்டிருந்தது. அவர்கள் குடிலில் மோட்டார் வைத்த காற்றாடி, ஓடும் ஆறு, கண் கூசும் சீரியல் லைட். மாமாவுக்கு வயிறு எரிந்தது. "குடில்னா எட்டி நின்னு பாக்குறதா? உள்ள நடந்து போகணும்" என்று சந்து முழுக்கச் சாக்கு கட்டி, வைக்கோல் பரப்பி, பெத்லகேம் ஆக்கிவிட்டார். நிறைமாதத்தில் இடம் தேடி அலைந்த மாதாவைப் போல, வருகிறவர்கள் கதவைத் தட்டி இடம் கேட்க வேண்டும். இரண்டு கதவுகளில் விரட்டு, மூன்றாவதில்தான் தொழுவமும் பாலனும். முதல் கதவுக்குப் பின்னால் அண்ணன். இரண்டாவதற்குப் பின்னால் எட்டு வயது நான்.

"பிஷப்பே வந்து தட்டினாலும் திறக்கக் கூடாது, சரியா?" என்றார் மாமா.

நாள் முழுக்க ரேஷன் கடைக்காரர் குரலில் "இடமில்ல, போங்க போங்க!" என்று பழகினேன். பெற்ற அம்மாவையே விரட்டினேன் என்றால் பாருங்களேன்.

நடுவர்கள் வரும் சாயங்காலம், அவர்களுக்குக் கொஞ்சம் முன்னால் அத்தை வந்தார். மாமாவின் மனைவி. எட்டாவது மாதம். அண்ணன் கூசாமல் விரட்டியாயிற்று. அடுத்து என் கதவு.

"கொஞ்சம் இடம் இருக்குமாங்க? காலு ரொம்ப வலிக்குது."

இடுக்கில் பார்த்தேன். வயிற்றில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை, வைக்கோலில் வீங்கிய வெறுங்கால். அது அத்தை என்றே எனக்குத் தோன்றவில்லை. நானும் விரட்டிவிட்டால் இவர் எங்கே போய்ப் பிள்ளை பெறுவார்? தாழ்ப்பாளைப் படாரென்று நீக்கினேன். "உள்ள வாங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று அழுதுகொண்டே கையைப் பிடித்து இழுத்து என் முக்காலியில் உட்கார வைத்தேன்.

பின்னாலேயே வந்த நடுவர்கள் கதவுக்குள் என்ன பார்த்தார்கள்? துடைப்பம், ஒயர் சுருள், அண்ணனின் கிரிக்கெட் மட்டை, முறுக்கு டப்பா. பெத்லகேம் போயே போச்சு.

பரிசு நாலாவது வருடமும் அடுத்த தெருவுக்குத்தான். மாமாவின் ஆசையில் மண்ணள்ளிப் போட்டுவிட்டேனே என்று கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டு அப்படி ஓர் அழுகை அழுதேன். மாமா குனிந்து பார்த்தார். சிரித்தார், ஆனால் கண் ஈரமாக இருந்தது.

"அடுத்த வருஷமும் ரெண்டாவது கதவு உனக்குத்தான்டி."

சும்மா தேற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சந்தில் அன்று பெத்லகேமுக்கே போய்ச் சேர்ந்தவள் நான் ஒருத்திதான் என்பதும், மாமா கட்ட ஆசைப்பட்டது அதைத்தான் என்பதும் எனக்கு அப்போது தெரியவில்லை.