நூற்றுத் தொண்ணூற்றிரண்டு இறாத்தல்

என் எடையைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட முதல் மனுஷி எங்கள் பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர்தான். ஸ்டாஃப் ரூமில் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கூச்சமே இல்லாமல், எத்தனை இறாத்தல் என்று கேட்டார். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு என்று வாய்க்குள் முணுமுணுத்தேன்.

“குட்,” என்றார். “சனிக்கிழமை பின்னேரம் என்ன வேலை உங்களுக்கு?”

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த அடுத்த வருஷம் அது. எனக்கு இருபத்தேழு வயது. கொழும்பு, கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைவரை ரயில், அங்கிருந்து ட்ராம். நான் ஏறியதும் ட்ராமில் இருப்பவர்கள் கேட்காமலே நகர்ந்து இடம் விடுவார்கள். அது மரியாதையால் அல்ல என்று எனக்குத் தெரியும். அதனால் நின்றுகொண்டே போவேன். உட்கார்ந்தாலும் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஐந்து நிமிஷம் ஓரிடத்தில் இருந்தால் கால் தானாக ஆடத் தொடங்கும். ஸ்டாஃப் ரூமில் மேசை நடுங்குகிறது என்று மற்ற டீச்சர்மார் முறைப்பார்கள்.

வீட்டில் அந்த எண்தான் அம்மாவுக்குப் பகை. அதுவரை இரண்டு இடத்தார் என்னை வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். முதல் இடத்தார் சாதகத்தில் குறை கண்டார்கள். இரண்டாவது இடத்தார் அவ்வளவு நாகரிகம் பார்க்கவில்லை, பிள்ளை பெரிய ஆளாக இருக்கிறா என்று தரகரிடம் நேரேயே சொல்லிவிட்டார்கள். அன்று தொடங்கி எனக்குக் காலையில் சுடுதண்ணீரில் தேசிக்காய், இரவில் அவித்த கொள்ளு. நான் கோபத்தில் கோட்டை ஸ்டேஷனில் இறங்கி இரண்டு பணிஸ் வாங்கித் தின்பேன். யாரோடு கோபம் என்று கேட்டால் அப்போது எனக்குச் சொல்லத் தெரியாது. உலகத்தோடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டு டீச்சர் ஒரு பறங்கிப் பெண்மணி. ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர்கள் சிலர் விட்டுச்சென்ற பாய்ப்படகுகளை எப்படியோ கையில் எடுத்து, பேரே வாவிக் கரையில் பெண்களுக்கென்று ஒரு கிளப் நடத்திக்கொண்டிருந்தார். டீச்சர்மார், இரண்டு நர்ஸ்மார், டெலிபோனில் வேலை செய்த ஒருத்தி என்று பத்துப் பன்னிரண்டு பேர். எல்லோரும் அவரைக் கப்டன் என்றே கூப்பிட்டார்கள்.

போகட்டுமா என்று அம்மாவிடம் கேட்டபோது அவ ஒரேயொரு கேள்விதான் கேட்டா.

“உதுக்குப் போனால் மெலியலாமோ?”

“ஓம், நல்லா மெலியலாம் எண்டு சொல்லுகினம்.”

“அப்ப போ.”

இப்படி அம்மா என்னை மெலிய அனுப்பினா. கப்டனோ என்னை மெலிய விடவில்லை. வைகாசியில் சோளகக் காற்று எழும்பிவிட்டது. அந்தக் காற்றில் படகு ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு ஓடும். கவிழாமல் இருக்க, மற்றப் பக்கத்து விளிம்பில் ஓர் ஆள் ஏறி இருந்து உடம்பை வெளியே சரிக்க வேண்டும். ஆள் எவ்வளவு பாரமோ அவ்வளவு நல்லது. எலும்பும் தோலுமான நர்ஸ்மார் இரண்டு பேர் செய்கிற வேலையை நான் ஒருத்தியாகச் செய்தேன். சேலையை முழங்காலுக்கு மேல் இழுத்துக் கொடுக்குக் கட்டிக்கொண்டு, முதுகு தண்ணீரில் படுமளவுக்குச் சரிவேன். ஆறு வருஷமாகத் தென்மேற்குப் பருவக்காற்றைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டிக்கொண்டிருந்தவள் நான். அது ஒரு பாய்க்குள் புகுந்தால் எவ்வளவு பலம் என்று முதல் நாள் சரிந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. கரைக்கு வந்தபோது சிரிப்பை நிறுத்த முடியவில்லை.

“டீச்சர், ப்ளீஸ், இந்தக் காத்து முடியிற வரைக்கும் ஒரு இறாத்தலும் குறைய வேணாம்,” என்றார் கப்டன். பகிடி இல்லை, கெஞ்சித்தான் கேட்டார்.

படகுக் கொட்டகையில் தேயிலைப் பெட்டி நிறுக்கிற பழைய தராசு ஒன்று இருந்தது. சனிக்கிழமைதோறும் எங்களை அதில் ஏற்றி நிறுத்து, கப்டன் பலகையில் எழுதுவார். ஒவ்வொரு படகுக்கும் ஒரு வரி. இடது பக்கம் சுக்கான் பிடிப்பவளின் பெயர், அதற்குப் பக்கத்தில் எண் கிடையாது. வலது பக்கம் மற்றவர்களின் பெயர்கள், பக்கத்தில் அவரவர் இறாத்தல். என் பெயர் எப்போதும் வலது பக்கம்தான்.

தொடக்கத்தில் அது என்னை உறுத்தவில்லை. வேண்டப்பட்டவளாக இருப்பதே எனக்குப் புதிசு. அங்கே யாரும் என் கலியாணம் பற்றிக் கேட்கவில்லை. நனைந்த சேலையோடு வரிசையாக இருந்து பிளேன்டீ குடிப்போம், கயிறு அறுத்த கைகளை ஒருத்திக்கு ஒருத்தி காட்டிக்கொள்வோம். எனக்கு மிகவும் பிடித்தவள், புறக்கோட்டையில் புடைவைக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் முதலாளியின் மகள். இருபது வயது. திரை போட்ட காரில் வருவாள், தலையை முக்காடால் இறுக்கிக் கட்டிக்கொண்டு படகில் குதிப்பாள், கரையில் டிரைவர் காருக்குள்ளேயே காத்திருப்பான். அவளுக்குப் பயம் என்றால் என்னவென்று தெரியாது. மூன்றாம் மாதமே கப்டன் அவளுக்குச் சுக்கான் கொடுத்தார்.

அன்றைக்குத்தான் எனக்கு வயிறு எரிந்தது. அவள்மேல் பொறாமை என்று ஒளிக்காமலே சொல்கிறேன். ஒருமுறை கரையில் கட்டியிருந்த படகில் யாரும் பார்க்காதபோது சுக்கான் பிடியைத் தொட்டுப் பார்த்தேன். கையை எடுக்க மனம் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை கப்டனிடம் கேட்டேன்.

“இண்டைக்குக் காத்துக் கூட. நீங்க விளிம்பில இல்லாட்டி நாங்க கவிண்டிருவம்,” என்றார். அடுத்த வாரமும் காற்று, அதற்கடுத்த வாரமும் காற்று. சரி, காற்றுக் குறையட்டும் என்று பொறுத்தேன். ஐப்பசியில் குறைந்தது. மறுபடி கேட்டேன்.

“இந்தக் காத்தில பாரம் கூடினால் படகு நகராது, டீச்சர். இண்டைக்கு ஒருக்கா டீயைப் பாத்துக்கொள்ளுங்க.”

அதற்குப் பிறகு பல சனிக்கிழமை நான் கரையில் நின்று கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்தேன். கரைநெடுக அங்குமிங்கும் நடந்தேன். காற்று வீசினால் நான் மூட்டை, வீசாவிட்டால் பாரம். நான் சுக்கான் பிடிப்பதற்கென்று ஒரு காற்று இந்த உலகத்தில் இல்லை என்பது விளங்க எனக்கு ஆறு மாதம் பிடித்தது. விளங்கிய பிறகு இரவில் நித்திரையும் கெட்டது. வகுப்பில் பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தேன். வீட்டில், சனிக்கிழமை நான் படியேறும்போதே அம்மா கேட்பா.

“இண்டைக்கு எவ்வளவு?”

நான் கால், அரை இறாத்தல் என்று குறைத்துச் சொல்வேன். என் பொய்யின்படி அந்த வருஷம் நான் இருபது இறாத்தல் மெலிந்திருந்தேன். என் சட்டைகள்தான் அதை நம்பவில்லை. அம்மா நம்பினா, தரகருக்கும் சொல்லி அனுப்பினா.

பங்குனிக் கடைசியில் கிளப்பின் கப்புக்கான போட்டி வந்தது. மிதவைகளைச் சுற்றி இரண்டு சுற்று. மூன்று படகு. காலையிலிருந்தே புழுக்கம், வாவி பச்சைத் தண்ணீர் அசையாமல் நாறிக்கொண்டு கிடந்தது. “ஹுலங் நே, நோனா,” என்றான் கொட்டகைக் காவல்காரன், சிங்களத்தில். காற்று இல்லை என்பதை எனக்கு ஆள் வைத்துச் சொல்லத் தேவையில்லை. பலகையைப் பார்த்தேன். இடது பக்கமும் இல்லை, வலது பக்கமும் இல்லை, என் பெயரே இல்லை.

கப்டன் வந்து என் தோளில் கை வைத்தார். “இண்டைக்கு மட்டும், டீச்சர்,” என்றார் மெதுவாக. அவர் கெட்டவர் அல்ல. அந்த அன்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“காத்து இருந்தா மூட்டை, காத்தில்லாட்டிப் பாரம்,” என்றேன். “நான் எப்ப ஆளா வாறது?”

கொட்டகைக்குப் பின்னால் நாலாவது படகு ஒன்று கிடந்தது. கனத்த பழைய படகு, முகத்துவாரத்துப் படகுப் பட்டறையில் தார் பூசி வந்த பிறகும் ஒழுகியது, யாரும் தொடுவதில்லை. நான் போய் அதன் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு இறாத்தலும் அந்த இழுவைக்கு உதவியது. படகு தண்ணீருக்குள் இறங்கியபோது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது.

“நானும் வாறேன் டீச்சர்,” என்றாள் முதலாளியின் மகள். அன்று ஒரு படகுக்குச் சுக்கான் பிடிக்க அவள் பெயர் பலகையில் இருந்தது. அதை விட்டுவிட்டு வந்து, வெறும் பால் தகரப் பேணி ஒன்றை எடுத்துக்கொண்டு முன்பக்கம் ஏறி உட்கார்ந்தாள். “தண்ணி அள்ள ஆள் வேணுமே.”

அவளுடைய படகை ஒரு நர்ஸிடம் கொடுத்துவிட்டுக் கப்டன் போட்டி தொடங்கக் கொடியை இறக்கினார்.

மற்றவர்கள் மெல்ல விலகிப் போனார்கள். நாங்கள் நகரவே இல்லை. சுக்கான் பிடியை இறுகப் பற்றிக்கொண்டிருந்தேன். எனக்குக் கால் ஆடத் தொடங்கியது. கால் ஆட ஆடப் படகும் குலுங்கி, பாயில் இருந்த கொஞ்சக் காற்றும் சிந்திப் போனது.

“காலை நிப்பாட்டுங்க டீச்சர். ஆடாம இருந்தாத்தான் காத்து நிக்கும்.”

அவள் சொன்னது சரிதான். இல்லாத காற்றில் ஓட்டுவதற்கு அசையாமல் இருக்க வேண்டும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு காலை அழுத்திப் பிடித்தேன். பிறந்ததிலிருந்து நான் செய்த ஆகக் கஷ்டமான வேலை அதுதான். கன்னத்தில் எங்கோ ஒரு பக்கம் குளிர்ந்தது. பிடியை ஒரு விரலளவு தள்ளினேன். பாய் நிரம்பியது, படகு புறப்பட்டது. கனத்த படகு ஒருமுறை புறப்பட்டால் லேசில் நிற்காது. காற்று செத்த இடங்களில் மற்றப் படகுகள் நின்று தவிக்க, நாங்கள் ஊர்ந்துகொண்டே இருந்தோம். ஆனாலும் அவர்களைப் பிடிக்க முடியவில்லை. அவர்கள் முடித்து, கப் கொடுத்து, கைதட்டியது எங்களுக்குத் தண்ணீருக்கு மேலால் கேட்டது. எங்களுக்கு இன்னும் முக்கால் சுற்று இருந்தது. கரையில் கார் ஹோர்ன் அடித்தது.

“டிரைவர் கூப்பிடுறான்,” என்றேன். “திரும்புவமா?”

“அடிக்கட்டும். ஊட்டுல நான் பேசிக்கிறேன்,” என்று அவள் அள்ளிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு வீட்டில் அன்று என்ன கிடைக்கும் என்று இருவருக்கும் தெரியும்.

கடைசி மிதவையைச் சுற்றும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கோப்பைகளைக் கழுவி அடுக்கிவிட்டு எல்லோரும் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். ஒருத்தியும் போகவில்லை. படகுத்துறையில் வரிசையாக நின்றார்கள். கப்டன் இன்னும் கொடியைப் பிடித்தபடியே நின்றார், நாங்கள் முடிவுக் கோட்டைத் தாண்டியதும் இறக்கினார். முதலாவது படகுக்கு இறக்கிய மாதிரியே முறையாக இறக்கினார்.

மன்னிப்பு அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன். நேரே பலகைக்குப் போய், மூன்று வரிக்குக் கீழே நாலாவது வரி எழுதினார். இடது பக்கம் என் பெயர். பக்கத்தில் எண் இல்லை. வலது பக்கம் முதலாளியின் மகளுடைய பெயர், தொண்ணூற்றாறு இறாத்தல். அவள் அதைப் பார்க்காமலே காரை நோக்கி ஓடிவிட்டாள். நான் பலகை முன்னால் கனநேரம் நின்றேன். கால் ஆடவில்லை.

வெள்ளவத்தையில் இறங்கி, சேலையிலிருந்து வாவித் தண்ணீர் நாற நாற வீட்டுப் படி ஏறினேன். அம்மா வாசலில் நின்றா.

“வெள்ளிக்கிழமை ஒரு இடத்தார் வருகினம். இண்டைக்கு எவ்வளவு?”

“தெரியாதம்மா. இண்டைக்கு நிறுக்கேல்லை,” என்றேன். “பசிக்குது. சோறு போடுங்கோ.”