பதினாறு வயதுப் படம்

இன்று கச்சேரிக்குப் போகும் வழியில், வெள்ளவத்தை செக் பாயின்டில் எங்கள் பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கினார்கள்.

என் அடையாள அட்டையில் இருப்பது பதினாறு வயதில் எடுத்த படம். ரெட்டைப் பின்னல், பெரிய பொட்டு. எதிரே நிற்பதோ கட்டை முடியும் ஜீன்ஸும். ஆமிக்காரர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பவில்லை. என் கையிலிருந்த வயலின் பெட்டியைக் காட்டி, "வயன்ன புளுவன்த?" என்று சிங்களத்தில் கேட்டார், வாசிக்க முடியுமா என்று.

வாசிக்கத் தெரியும்தான். ஆனால் எங்கள் சங்கீதத்தை நின்றுகொண்டு வாசித்துப் பழக்கமில்லையே. நடைபாதையிலேயே சம்மணமிட்டு, வயலினின் தலையைப் பாதத்தில் ஊன்றி, மோகனம் கொஞ்சம் வாசித்தேன். ஆமிக்காரர் சிரித்துக்கொண்டே பெட்டியைத் தானே மூடித் தந்தார்.

"ஹொந்தாய். யன்ன." நல்லது, போகலாமாம்.

மண்டப வாசலில் சபாவின் செயலாளர் மறித்தார்.

"தங்கச்சி, வயலின் மிஸ் எங்க நிக்கிறா? நேரமாகுது."

"நான்தான் ஐயா."

தலையைப் பார்த்தார். ஜீன்ஸைப் பார்த்தார். "பகிடி விடாதேங்கோ பிள்ளை."

"சாறி பைக்குள்ள இருக்கு. வேணுமெண்டால் இப்பவே வாசிச்சுக் காட்டட்டோ?"

"அதெல்லாம் வேண்டாம். ஐசி இருக்கோ?"

அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தேன். பின்னலைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஓம் ஓம், இது வாசிக்கிற பிள்ளைதான்."

கச்சேரி முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். அடுத்த முறை ஐசியை மேடையில் இருத்திவிட்டு நான் வீட்டிலேயே நிற்கலாம் என்றிருக்கிறேன். என்ன சொல்லுறீங்கள்?