முதல் ஞாயிறும் மூன்று ரோசக்காரர்களும்

என்னைப் போல ஞாயிற்றுக்கிழமை சபை வேன் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்: பிரசங்கம் ஆலயத்தில் நடக்கும், சண்டை வேனில் நடக்கும். பள்ளிபாளையத்தில் ஆறு வருடமாக எனக்கு இதே வண்டி, இதே விசுவாசிகள், அவர்களைக் காட்டும் இதே கண்ணாடி.

சீட்டு மாறிய கதை

சாமுவேல் அண்ணன் தறிப்பட்டறைக்காரர். ஞானதாஸ் ஐயா ரிட்டையர்டு வாத்தியார். சபை மூப்பர்களான இருவரும் எப்போதும் ஒரே சீட்டில்தான் வருவார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு நடக்கும் திருவிருந்தில் திராட்சரசத்தை எல்லோரும் ஒரே பாத்திரத்தில் குடிப்பதா, ஆளுக்கொரு சின்னக் கப்பா என்று கமிட்டியில் பேச்சு வந்தது. வாத்தியார் ஒரே பாத்திரம் என்றார், அண்ணன் கப் என்றார். பேச்சு முற்றி, "நீங்க இருமிக் குடுத்த பாத்திரத்துல நான் குடிக்கோணுங்களா?" என்று அத்தனை பேர் முன்னாலும் அண்ணன் கேட்டுவிட்டார். வாத்தியாருக்கு நாள்பட்ட இருமல்.

அடுத்த ஞாயிறு வாத்தியார் முன் சீட்டில் ஏறினார். அண்ணன் கடைசி சீட்டுக்குப் போய்விட்டார். வாத்தியார் என்னிடம் சொன்னார்: "பகையை வெச்சுக்கிட்டுத் திருவிருந்துப் பந்தியில கை நீட்டக் கூடாது. அவன் மன்னிப்புக் கேக்கட்டும், அப்பறம் பாக்கலாம்."

ஜெபத்தில் விழுந்த அடி

வண்டி கிளம்புமுன் ஒருவர் ஜெபிப்பது எங்கள் வழக்கம். அன்று வாத்தியார் ஆரம்பித்தார்: "ஆண்டவரே, பட்டறைப் பெருமையில் நாவடக்கம் இழந்து கடைசி சீட்டில் இருக்கும் உமது மகனை உடைத்தருளும்." பின்னாலிருந்து ஆமென் வரவில்லை. மறுவாரம் அண்ணன் முந்திக்கொண்டார்: "ஆண்டவரே, படிப்புப் பெருமையில் முன் சீட்டில் இருப்பவரையும் உடைத்தருளும்."

நடு சீட்டு ராணி அக்கா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "வண்டிய எடுங்க சாமி, ரெண்டு பேரும் உடையறதுக்குள்ள கோயிலுக்குப் போயிரலாம்."

சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை

அன்றே ஆராதனை முடிந்ததும் அண்ணன் என்னைத் தனியே அழைத்து, "அந்த இருமல் பேச்சு தப்புத்தான்னு வாத்தியாருகிட்டச் சொல்லிரு கண்ணு" என்றார். நேரில் போக அவருக்குக் கூச்சம். நானும் சொல்லியிருப்பேன். ஆனால் பத்து நிமிடம் லேட்டானதற்கு வாத்தியார் அன்று காலைதான் எல்லோர் முன்னாலும் என்னைப் பொறுப்பில்லாதவன் என்று திட்டியிருந்தார். எனக்கும் ரோசம் உண்டே. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பதில் வராததால் அண்ணனும் விறைத்துக்கொண்டார்.

மூன்று மாதம் போயிற்று. முதல் ஞாயிறு, திருவிருந்து தொடங்கும் நேரம். வாத்தியார் எழுந்து வெளியே போய் வேனில் உட்கார்ந்துகொண்டார். பின்னாலேயே போனேன். "புதன்கிழமை ஈரோட்டுல நெஞ்சு ஆபரேசன். அதுக்கு முந்தி ஒருக்கா பந்தியில இருக்கோணும்னு ஆசை. அவன் ஒரு வார்த்தை சொல்லலியே கண்ணு" என்றார். கண் கலங்கியிருந்தது. நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது இதுதான்: "அப்ப இந்த மூணு மாசமும் நீ பந்தியில கை நீட்டுனியா சாமி?"

பிறகு இறங்கி உள்ளே போனார். அண்ணன் பெஞ்சில் நகர்ந்து இடம் விடுவது ஜன்னல் வழியே தெரிந்தது. எந்தப் பாத்திரத்தில் குடித்தார்கள் என்று பார்க்கவில்லை. நான் வேனிலேயே இருந்துவிட்டேன்.

ஆறு வருடமாகக் கண்ணாடியில் அடுத்தவர் பெருமையைப் பார்த்துப் பார்த்துச் சிரித்த எனக்கு, அந்தக் கண்ணாடியை என் பக்கம் திருப்ப ஒரு வாத்தியார் தேவைப்பட்டார்.