எரிக்காத கரி

எரிக்காத கரியை விற்பதுதான் என் தொழில். தொழிற்சாலைகளில் பாய்லரிலிருந்து நீராவி கொண்டுபோகும் இரும்புக் குழாய்களுக்குக் கண்ணாடிப் பஞ்சு வைத்து, மேலே துணி சுற்றித் தைத்துவிடுவோம். சூடு வெளியே போகாது. கரி குறைவாகச் செலவாகும், புகையும் குறையும். இன்று இதற்குக் கார்பன் என்று பெயர் வைத்து, கோட்டு போட்டவர்கள் கூட்டம் நடத்துகிறார்கள். எழுபதுகளில் ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் இடையே, பஞ்சு குத்தி அரிக்கும் கையோடு சைக்கிளில் அலைந்த எனக்கு அது வெறும் கரி. கண்ணுக்குத் தெரியாத பொருளை விற்றுப் பிழைத்தவர்களுக்கு, இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகள் உட்பட, என் கஷ்டம் புரியும்.

இதில் கடைசியாக வரும் சம்பவத்தைப் பல வருடமாக எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். அத்தனை வருடமும் அதை முழுசாக நம்பாமலும் இருக்கிறேன்.

ஸ்வெட்டர்

முதல் வாரம் ராயபுரத்தில் ஓர் எண்ணெய் ஆலைக்குப் போனேன். முதலாளி வெற்று மார்போடு உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். துணி சுற்றிய குழாய்த் துண்டு ஒன்றை அவர் மேஜைமேல் வைத்து, சூடு எப்படி வீணாகிறது என்று தொண்டை வறள விளக்கினேன். அவர் அதைக் குழந்தையைத் தட்டுவதுபோலத் தட்டிப் பார்த்தார்.

"ஏம்பா, நானே சட்டை இல்லாம குந்திகினு கீறேன். இந்த மெட்ராஸ் வெயில்ல பைப்புக்கு இன்னாத்துக்கு ஸ்வெட்டரு?"

புகைக்கு நல்ல நாள்

எண்ணூர் போகும் வழியில் ஒரு சாயத் தொழிற்சாலை. அதன் முதலாளி படித்தவர். நான் சொன்னதை உடனே புரிந்துகொண்டார், வினையே அதில்தான் வந்தது.

"அப்போ புகை குறையுமா?"

"குறையும் சார்."

"வெளியில நின்னு பார்த்தா தெரியுமா?"

"நல்லாவே தெரியும் சார்" என்றேன் பெருமையாக.

எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "பொண்ணு பார்க்க வர்றவங்க என் பொண்ணைப் பார்க்கறதுக்கு முன்னாடி அந்தச் சிம்னியைத்தான் பார்க்கறாங்க தம்பி. கல்யாணம் முடியட்டும், அப்புறம் வந்து குறைங்க."

ஆறிப்போன சோறு

இப்படியே நாள் ஓடியது. இந்த மாதமும் ஆர்டர் வராவிட்டால் கம்பெனி சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் சம்பளம் வாங்குகிறவன் நான் ஒருவன்தான்.

திருவொற்றியூரில் ஒரு சோப்புத் தொழிற்சாலை முதலாளி, சோதனைக்கு ஒரே ஒரு குழாயைச் சுற்றிக் காட்டச் சொன்னார். சுற்றி முடித்துவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டே வீட்டுக்குப் போனேன். மறுநாள் மத்தியானம் வந்து பார்த்தால், ஓர் ஆள் நீளத்துக்குத் துணியும் பஞ்சும் பிய்ந்து கிடந்தன. வெறும் குழாயின்மேல் டிபன் பாக்ஸ்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மீன் குழம்பு வாசனை மூக்கைத் துளைத்தது. அந்தத் தொழிற்சாலையில் எல்லோரும் காலையில் கட்டிவந்த சோற்றை அந்தக் குழாயில்தான் சூடு பண்ணிச் சாப்பிடுவார்களாம். எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிய்த்தவர் பாய்லருக்குக் கரி அள்ளிப் போடும் அந்தோணி, என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். என் வேலையே போய்விடும் என்று கத்தினேன். அவர் நிதானமாக டிபன் பாக்ஸைத் திறந்தார்.

"பைப்புக்குப் போர்வ போத்திட்ட நைனா, சரி. எங்க சோத்துக்கு இன்னா போத்துவ?"

தோள்பட்டை

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். கிழிந்த துணியையும் டிபன் பாக்ஸையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "ஒரு மாசம் அந்த இடம் திறந்தே இருக்கட்டும். அப்படியும் கரி குறைஞ்சா, இவங்க சோறு சூடு பண்ணிக்கட்டும், மத்த குழாயெல்லாம் உனக்கு. குறையலைன்னா அதையும் மூடிட்டு நீ கிளம்பு."

கரியோ முற்றத்தில் மலையாகக் கிடந்தது. தீரும் முன்பே அடுத்த லாரி வந்து மேலே கொட்டும். எடை போட்டவர் யாருமில்லை. எவ்வளவு உள்ளே போனது என்பது அள்ளிப் போட்டவருக்கு மட்டுமே தெரியும்.

மாதம் முடிந்தது. "என்ன அந்தோணி, கரி குறைஞ்சுதா?" என்று முதலாளி கேட்டார். அந்தோணி குழாய்மேல் இருந்த டிபன் பாக்ஸ்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மெய்யாலுமே கொறஞ்சிகீது மொதலாளி. என் தோள்பட்டயே சொல்லுது."

திருவிழாவில்

ஆர்டர் கிடைத்தது, வேலையும் நிரந்தரமானது. அதன்பின் எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் இந்தச் சோப்புத் தொழிற்சாலைக் கதையைத்தான் முதலில் அவிழ்த்துவிடுவேன். ஸ்வெட்டர் வேண்டாம் என்றவர்கூட மசிந்தார். சாயக்காரர் மகள் கல்யாணம் முடிந்ததும் ஆள் அனுப்பினார். எல்லா இடத்திலும் ஓர் ஆள் நீளம் திறந்து விட்டுத்தான் சுற்றினேன்.

ஆனால் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் முகம் மழிக்கும்போதும் ஒரு சந்தேகம் வந்து குடையும். துணி சுற்றினால் கரி குறையத்தான் வேண்டும். ஆனால் அங்கே குறைந்ததா? குறைந்தது என்று சொன்னது ஒரே ஆள். அந்த ஆளுக்குச் சூடான சோறு வேண்டியிருந்தது. நம்பிய எனக்கு வேலை வேண்டியிருந்தது.

போன மாதம் ராயபுரம் மாதா கோயில் திருவிழாவில் அந்தோணியைப் பார்த்தேன். தலை முழுக்க வெள்ளை. "இன்னா நைனா, இன்னும் பைப்புக்குப் போர்வ போத்திகினுதான் கீறியா?" என்று பக்கத்தில் இடம் கொடுத்தார். பாதி வடசென்னையின் புகையைக் குறைத்தவன் என்று எனக்கிருக்கும் பெயரெல்லாம் இந்த மனுஷனின் ஒரு தோள்பட்டையை நம்பித்தான் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்தேன். பிறகு கேட்டேவிட்டேன்:

"அந்தோணி அண்ணே, அன்னிக்கு உங்க தோள்பட்டை நிஜமாவே சொல்லுச்சா, இல்ல டிபன் பாக்ஸ் சொல்லச் சொல்லுச்சா?"