நைனா போன இரண்டு கூட்டங்கள்

பொன்னேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. நாற்காலிகளை வட்டமாகப் போட்டுப் பத்துப் பன்னிரண்டு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நைனா, அதாவது என் அப்பா, செருப்பை வாசலில் விட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். யாரும் வாயைத் திறப்பதற்குள் வட்டத்தின் நடுவில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, "தப்புதாங்க. இனிமே தொட மாட்டேன். இந்த ஒரு தபா மன்னிச்சி வுட்ருங்க" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. "பொன்னேரியில கூட்டம் இருக்குது, வா நைனா"னு கூட்டிப்போனவள் நான்தான். கூட்டம் என்றால் அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று.

பழவேற்காட்டு ஏரியோரம் எங்கள் ஊர். தப்பு செய்தவரை ஊர்க்கூட்டம் கோயிலுக்கு முன்னால் கூப்பிடும். விழுந்து கும்பிட்டால் விஷயம் முடிந்தது. நைனா மூன்று முறை விழுந்திருக்கிறார், மூன்றும் குடிக்காகத்தான். மூன்றாவது முறை கொஞ்சம் பெரிய விஷயம். போதையில் முகத்துவாரத்து இழுப்பில் தோணியைக் கவிழ்த்துவிட்டார். கூடப் போன சித்தப்பா பிழைத்து வந்தது எங்கள் நல்ல காலம். அன்றைக்குப் பெரியவர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: "இன்னொரு தபா குடிச்சா உன் பாட்டை நிறுத்திருவோம்." பாடு என்பது முறை. எந்தக் குடும்பம் எந்த நாளில் ஏரியில் எந்த இடத்தில் இறாலுக்கு வலை கட்டலாம் என்று ஊரே சேர்ந்து வைத்திருப்பது. அது போனால் சொந்த ஏரியில் கால் வைக்க இடமில்லை. நைனாவுக்கு வேறு வேலையும் தெரியாது. ஒரு கம்பெனியில் வாட்ச்மேனாகப் போனவர், "சும்மா உக்காந்துனு இருக்கறது பேஜாரா கீது"னு நாலாம் நாளே வீட்டுக்கு வந்துவிட்டார்.

நான் பொன்னேரியில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். குடியை நிறுத்துகிற பொடி என்று எவனோ விற்றதை வாங்கிப் போய் அவருக்குத் தெரியாமல் மீன் குழம்பில் கலந்த புத்திசாலியும் நான்தான். ராத்திரி முழுக்க வாந்தி எடுத்தார். காலையில், வயிறு சரியாகட்டும் என்று ஊருக்குத் தெரியாமல் ஒரு குவார்ட்டர் போட்டார். இதைக் கடையில் சொல்லிப் புலம்பியபோது, சர்க்கரை மாத்திரை வாங்க வந்த ரிட்டயர்டு கண்டக்டர் ஒருவர் காதில் விழுந்தது. "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கூட்டத்துக்கு இட்டுனு வாம்மா. நானும் அதே கேசுதான்" என்று இடத்தைச் சொன்னார். நைனாவைக் கூட்டிப்போகும் முன் இடத்தைப் பார்த்துவைக்கலாம் என்று தனியாகப் போனேன். தெரு மாறி ஒரு நிச்சயதார்த்த வீட்டுக்குள் நுழைந்துவிட்டேன். கேசரி கொடுத்து உட்காரவைத்தார்கள். குடிகாரர் கூட்டம் எங்கே என்று அங்கே எந்த வாயால் கேட்பது? சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். அதற்கடுத்த வாரம்தான் சரியான கதவு கிடைத்தது.

நைனா விழுந்ததைப் பார்த்த கண்டக்டர், முட்டிவலியோடு தானும் தரையில் இறங்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "எங்க கால்ல இன்னாத்துக்குங்க விழறீங்க? நாங்க எல்லாருமே குடிநோயாளிங்கதான். இங்க மன்னிக்கிறதுக்கு ஆளே கிடையாது. எழுந்து டீ குடிங்க."

நைனா திருதிருவென்று விழித்தார். "அப்போ தீர்ப்பு யாரு சொல்லுவாங்க?"

"யாரும் சொல்ல மாட்டாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமையும் வாங்க."

திரும்பும்போது பஸ்ஸில், "இன்னா கூட்டம் பாப்பா இது, முடிச்சே வுட மாட்றாங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

ஆனால் போனார். வாராவாரம் போனார். முறை வரும்போது பேரைச் சொல்லி, குடிநோயாளி என்று சொல்லி, நடந்ததைச் சொல்லக் கற்றுக்கொண்டார். கை நடுக்கம் நின்றது. சித்தப்பா மறுபடியும் அவரோடு தோணியில் ஏறினார். ஐந்து மாதம் தாண்டியதும் நான் ஊரெல்லாம் பெருமை பேச ஆரம்பித்தேன். அப்போதுதான் ஒரு சாவு வீட்டுக்குப் போனவர் குடித்துவிட்டு வந்தார். "எம் மூஞ்சிலயே முழிக்காத! நீ செத்தாலும் வர மாட்டேன்" என்று கத்தினேன். பெற்ற தகப்பனைப் பார்த்து அப்படிச் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் தனியாகவே பஸ் ஏறினார். திரும்பி வந்ததும், மனசு கேட்காமல் நானாகப் போய்க் கேட்டேன்.

"போய் இன்னா சொன்ன?"

"குடிச்சிட்டேன்னு சொன்னேன்."

"அவங்க?"

"டீ குடுத்தாங்க."

மறுநாள் ஊர்க்கூட்டம். அவர் குடித்தது பெரியவர்களுக்குத் தெரியாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் பாடு தப்பியிருக்கும். நைனா தானாக எழுந்து முன்னால் போய் நின்றார். பெண்கள் நாங்கள் கோயில் சுவரோரம் நின்றிருந்தோம். அவர் விழுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் நின்றபடியே பேசினார்.

"நான் குடிநோயாளிங்க. போன வாரம் குடிச்சேன். இன்னிக்கி விழலைங்க. மூணு தபா விழுந்தேன். மூணு தபாவும் மண்ணைத் தட்டிட்டு நேரா கடைக்குத்தான் போனேன். சொன்ன சொல்லுப்படி எம் பாட்டை நிறுத்திக்கிங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் ஊர் வேலைன்னு என்னைக் கூப்பிடாதீங்க. பொன்னேரிக்குப் போவணும்."

அடேங்கப்பா, என் நைனாவா இப்படிப் பேசுகிறார்! எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பெரியவர்கள் தங்களுக்குள் பேசி, அந்த சீசன் முழுக்கப் பாட்டை நிறுத்தினார்கள். நைனா சரி என்று தலையாட்டினார். சீசன் முடியாததால் இன்னும் அது திரும்பக் கிடைக்கவில்லை. மற்றவர்களின் வலையைத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

அன்று தீர்ப்பு சொன்ன பிறகும் யாரும் கலையவில்லை. கடைசி வரிசையிலிருந்து ஒருவர் மெதுவாகக் கேட்டார்:

"அந்த பஸ்ஸு எத்தினி மணிக்குண்ணா?"