ஸ்டோர் அக்காவின் உளவுத்துறை

லிப்ட் பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனியில் நட்டு, போல்ட்டு, கிரீஸ் டப்பா எல்லாம் ஸ்டோர் அக்காவின் கம்பிவலைக்குப் பின்னால்தான் இருக்கும். கையெழுத்து வாங்காமல் ஒரு ஸ்க்ரூவைக்கூட வெளியே விடமாட்டார். வாங்கிய பிறகும் சும்மா விடமாட்டார். அவர் பார்க்கிற பார்வையில், திருடாதவனுக்கும் தன் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொள்ளத் தோன்றும்.

இப்படிப்பட்டவருக்கு ஆபீஸில் பிடித்த வேலை ஒன்றே ஒன்று. பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் விடைபெறும் நாளில் பரிசு தேர்ந்தெடுப்பது. சிரிப்பு வர வேண்டும், ஆளுக்குப் பொருந்தவும் வேண்டும் என்பது அவர் கொள்கை. போன வருஷம் கொள்கை கொஞ்சம் சறுக்கியது. முடி கொட்டிக்கொண்டிருந்த ஒரு பையனுக்குச் சீப்பு கொடுத்துவிட்டார். பாத்ரூமுக்குள் போனவன் கேக் தீரும்வரை வெளியே வரவில்லை.

"இந்த வருஷம் ஒருத்தர் மூஞ்சி சுருங்கட்டும், அடுத்த தடவையிலேர்ந்து எல்லாருக்கும் கூப்பன்தான்," என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

கூப்பன்! ஆள் யாரென்றே பார்க்காமல் நீட்டுகிற காகிதம். அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. இந்த முறை ஆளை அலசி ஆராய்ந்துவிட்டுத்தான் வாங்குவது என்று முடிவு கட்டினார்.

வந்திருந்தது இரண்டு பேர். பையனுக்கு ஆபீஸ் வைத்த பெயர் நெட்டை, பெண்ணுக்குக் கண்ணாடி. நெட்டை எதை விரும்பிச் சாப்பிடுகிறான், கண்ணாடி எதற்குச் சிரிக்கிறாள் என்று அக்கா தூண் மறைவில் நின்று பார்த்தார். நேரிலும் குடைந்தார். "ராத்திரி எப்போ தூங்குவே?" "இங்க யார் மேல உனக்குக் கடுப்பு?"

பயிற்சி முடிந்ததும் நிரந்தர வேலை ஒருவருக்குத்தான். பிறகு கேட்கவா வேண்டும்?

"இவங்க மேனேஜரோட ஆளு. நம்மள நோட்டம் விடறாங்க," என்றாள் கண்ணாடி.

"எனக்கும் அதேதான் தோணுச்சு," என்றான் நெட்டை.

நாடகம் தொடங்கியது. அக்கா தலை தெரிந்தால் போதும், மேனேஜரே எழுதிய, செங்கல் கனத்தில் இருக்கும் பாதுகாப்புக் கையேட்டைக் கண்ணாடி விரித்துக்கொள்வாள். எப்போதும் அதே பக்கம். நெட்டையோ, மேனேஜர் ஆசையாக வாங்கிப்போட்ட மெஷினின் டீயை உறிஞ்சிவிட்டு, "அடடா, என்னா டீ அக்கா!" என்பான். அந்த டீயைப் பூந்தொட்டியில் ஊற்றியவர்கள் உண்டு, புகழ்ந்தவர் கிடையாது.

"நடிக்குதுங்க. எதையோ மறைக்குதுங்க," என்று தையற்காரக் கணவரிடம் பொருமினார் அக்கா. கிரீஸ் டப்பாக்களை மறுபடி எண்ணிப் பார்த்தார். சரியாக இருந்தது. சரியாக இருந்ததுதான் அவருக்குச் சரியாகப் படவில்லை.

நிஜ ஆளைக் காட்டமாட்டார்கள் என்றால் நடிக்கிற ஆளுக்கே பரிசு என்று கடைசியில் துணிந்தார். கையேட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கணவர் முன் வைத்தார்.

"புஸ்தகத்துக்கு அளவெடுக்கச் சொல்ற மொத கஸ்டமர் நீதான்டி," என்றார் அவர்.

கடைசி நாள், மீட்டிங் அறை. கண்ணாடி பொட்டலத்தைப் பிரித்தாள். கையேட்டின் அதே அளவு, அதே நீல அட்டை, உள்ளே பஞ்சு. தலையணை! நெட்டைக்குப் பெரிய பிளாஸ்க், அது நிறைய மெஷின் டீ. அறையே குலுங்கியது. கண்ணாடி, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

சுருங்கிய மூஞ்சி ஒன்றே ஒன்று. மேனேஜருடையது.

"என் புக்கைப் படிச்சா தூக்கம் வரும்ங்கறீங்களா? என் டீ உங்களுக்குக் கிண்டலா?"

இரண்டு பேரை அலசிய அக்கா மூன்றாவது ஆளை மறந்தே போயிருந்தார். கூப்பன் கண்முன் ஆடியது.

"சார், நான்தான் கேட்டேன்," என்றாள் கண்ணாடி. "கழுத்து வலி சார். இங்கேர்ந்து போனாலும் உங்க புக்கு ஞாபகம் வரணும்னு இதே மாதிரி தைக்கச் சொன்னேன்."

"இந்த டீ இல்லாம எனக்குப் பொழுதே விடியாது சார்," என்ற நெட்டை, ஒரு டம்ளர் ஊற்றிக் கண்ணை மூடிக் குடித்தும் காட்டினான்.

மேனேஜர் உருகிவிட்டார். "சரி சரி. அடுத்த வருஷமும் பரிசு உங்க பொறுப்புதான்," என்றார் அக்காவிடம். வேலை யாருக்கு என்பதை மட்டும் சொல்லவில்லை.

வாசலில் இருவரையும் மடக்கினார் அக்கா.

"எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"உங்களுக்காகத்தான்க்கா," என்றாள் கண்ணாடி.

"எனக்காகவா?" அக்கா குரலைத் தாழ்த்தினார். "சரி, யார் சொல்லச் சொன்னா?"